ஹெட்டி கிழித்த சுவர்த்தாள்

யார்க்‌ஷயர் ஆலைத் தெருக்களில் வாசற்படியை வைத்தே பெண்ணை எடைபோட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை படியைத் தேய்த்துக் கழுவி, விளிம்பில் மஞ்சள் கல்லால் கோடு இழுக்காதவள் வீட்டில் யாரும் தேநீர்கூடக் குடிக்கமாட்டார்கள். ஹெட்டி சக்டனின் படியை ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்தக் கௌரவம்தான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

1934இல் சுகாதார அதிகாரி வீடு வீடாக வரப்போவதாகச் சேதி வந்தது. வாழத் தகுதியில்லை என்று அவர் எழுதினால், அந்த வீட்டை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே குளியலறையோடு புது வீடு கொடுப்பார்கள். ஹெட்டிக்கு அது வேண்டும். அவள் மகள் மேவிஸுக்கு ஆறு வயது; மூன்று குளிர்காலமாக இருமல். ஈரமில்லாத வீட்டுக்குப் போனால்தான் நெஞ்சு தேறும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆனாலும் அதிகாரி வருகிறார் என்றதும் ஹெட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. விருந்தாளி வந்தால் என்ன செய்வாளோ அதையே செய்தாள். இரண்டு நாள் மூட்டைப்பூச்சி நசுக்கி, சுண்ணாம்பு அடித்து, ஓதம் ஏறிய சுவரில் ரோஜாப்பூத் தாளை ஒட்டிவைத்தாள்.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு, மிஸஸ் சக்டன். இன்னும் பத்து வருஷம் தாங்கும்."

அவர் நோட்டை மூடினார்; அப்படியானால் புது வீடு கிடையாது. எதிர்வீட்டு மிஸஸ் டார்டாஃப் ஹெட்டியின் வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"அவ வீடு அரண்மனை சார். எங்க வீட்டுக்கு வாங்க, பூச்சியெல்லாம் கைகுடுத்து வரவேற்கும்."

இவள் முன்னாலா மானத்தை இழப்பது? மாடியில் மேவிஸ் இருமினாள். ஹெட்டி ரொட்டிக் கத்தியை எடுத்தாள். தாளை மேலிருந்து கீழே கிழித்து இழுத்தாள். கறுத்த காரை பொலபொலவென்று உதிர்ந்தது. அதிகாரியின் பூட்ஸருகே நாலைந்து பூச்சிகள் விழுந்து ஓடின.

"இதையும் எழுதிக்குங்க சார்," என்றாள். "கட்டிலுக்குப் பின்னாடியும் கிழிக்கட்டுமா?"

அதிகாரி மூடிய நோட்டைத் திறந்தார். மிஸஸ் டார்டாஃப் சிரிக்கவில்லை.

"அடிப்பாவி, ஒனக்கும் உண்டா? ஏழு வருஷமா எனக்கு மட்டும்தான்னு வெக்கப்பட்டுச் செத்தேனே."

மறுவருடம், பூச்சி புது வீட்டுக்குத் தொற்றாமலிருக்க, இருவர் சாமான்களும் மருந்துப் புகை போட ஒரே வண்டியில் போயின. ஊருக்கு வெளியே இருவருக்கும் அடுத்தடுத்த புது வீடு. அந்தக் குளிர்காலத்தில் மேவிஸ் இருமவில்லை.

"சொவரு மொட்டையா கெடக்கு, தாளு ஒட்டலியா?" என்று மிஸஸ் டார்டாஃப் கேட்டாள்.

"கெடக்கட்டும்," என்ற ஹெட்டி, காய்ந்த சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.