மூக்கில் கட்டிய துண்டு

கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்களுக்கு வேர்க்கடலைக் கொல்லை இருக்கிறது. போன வருஷம் செடியில் புழு விழுந்ததால் என் வீட்டுக்காரர் பூச்சிமருந்து அடித்தார். முதுகில் மாட்டிய டேங்க் ஒழுகியிருக்கிறது. ஒழுகியதைத் தோள்துண்டால் துடைத்துவிட்டு, அதையே மூக்கில் கட்டிக்கொண்டு மிச்சக் கொல்லைக்கும் அடித்திருக்கிறார். எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் இப்படித்தான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போட்டேன். தட்டைத் தூக்கி என் நெற்றியில் அடித்தார். ரத்தம் கண்ணில் இறங்கியது. "யாருடி நீ?" என்று மண்வெட்டியை ஓங்கினார்.

கொழுந்தனார் ஓடிவந்தார். "தள்ளுங்க அண்ணி, பட்டப்பகல்லயே ஜாஸ்தியா ஊத்திக்கினு வந்துட்டாரு!" என்று அவரைத் தென்னைமரத்தில் மாட்டுக்கயிற்றால் கட்டி, மாறிமாறி அறைந்தார். என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்த கெட்ட வார்த்தை நிற்கவில்லை. அவர் கழுத்தில் கிடந்த அந்தத் துண்டையே கொழுந்தனார் வாயில் திணித்தார். நான் தடுக்கவில்லை. எனக்கும் அவ்வளவு ஆத்திரம்.

கொஞ்ச நேரத்தில் நுரை தள்ளியது, உடம்பு வெட்டி இழுத்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். துண்டின் வாடை பட்டதுமே டாக்டரம்மா கத்தினார். "இது போதை இல்லம்மா! பூச்சிமருந்து தோல் வழியா, மூச்சு வழியா ஏறி மூளையைக் கலக்கியிருக்கு. அதை வாயில வேற வெச்சீங்களா?"

பிழைத்துவிட்டார். இப்போது மருந்து அடிப்பது கொழுந்தனார்தான். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் அவரைக் கொல்லையில் இறங்க விடமாட்டேன். சோப்பு போட்டுக் குளித்த பிறகுதான் சோறு.

என் வீட்டுக்காரர் மணிக்கட்டில் இருக்கும் கயிற்றுத் தழும்பைக் காட்டி, "இது எப்படி வந்துச்சு?" என்று கேட்கிறார். சொல்கிறேன். மறுநாள் மறுபடியும் கேட்கிறார்.