அம்மை கண்ட வீட்டில் ஊசி

அண்ணனின் ஈரலில் காமாலை வைரஸ் பல வருடங்களாகத் தங்கியிருக்கிறது என்று மதுரையில் சொன்னபோது, நான் அதே ஊரில் ஓர் ஆய்வகத்தில் இன்டர்ஃபெரானைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் பின்பாதி. படித்தது வீட்டுக்குப் பயன்படப் போகிறது என்று கொஞ்ச நாள் நம்பினேன்.

இன்டர்ஃபெரான் உடம்பு தானே செய்துகொள்ளும் ஒரு புரதம். செல்லுக்குள் வைரஸ் நுழைந்த அடையாளம் தெரிந்ததும், அதுவரை மூடிக்கிடந்த மரபணு திறக்கிறது. முதலில் கொஞ்சமாகத்தான் சுரக்கும். அந்தக் கொஞ்சம் பக்கத்துச் செல்களைத் தொட, அவையும் தயாராகின்றன. இரத்தத்தில் அரிதாக இருக்கும் சில வெள்ளணுக்கள் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுரக்கும். நான் படித்தது அதற்கு அடுத்த பகுதியை: அது எப்படி நிற்கிறது என்பதை. திறந்த மரபணுவைச் சில மணி நேரத்தில் மூடிவிடும் புரதங்கள் இருக்கின்றன. புரதம் செய்யச் சொல்லி அதிலிருந்து நகலெடுக்கப்பட்ட செய்தியும் அற்பாயுசுதான். சீக்கிரம் சிதையும்படியே அதன் வால் அமைந்திருக்கிறது. நிற்காமல் சுரந்தால் வைரஸைவிட இன்டர்ஃபெரானே உடம்பை அதிகம் வாட்டும். காய்ச்சல், மூட்டுவலி, பசியின்மை, கடைசியாக மனச்சோர்வு.

அண்ணனுக்குக் கோளாறு தொடக்கத்திலேயே இருந்தது. அந்த வைரஸ் வந்த சத்தம் காட்டாத வகை. அவர் செல்கள் அதைக் கவனிக்கவே இல்லை. ஆகவே வெளியிலிருந்து இன்டர்ஃபெரானை ஊசியாகப் போட வேண்டும். வாரத்தில் மூன்று நாள், மாதக்கணக்கில், விடாமல்.

அண்ணன் திருச்சுழியில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கும் கடை வைத்திருந்தார். மதினி, இரண்டு பெண் பிள்ளைகள், அம்மா, எல்லாரும் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில். நான் ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தை வைத்து, மதுரையில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் மாறி, கொண்டுபோய் மெடிக்கல் கடைக்காரரின் பிரிட்ஜில் வைப்பேன். அங்கிருந்து எடுத்து, தெருக்கோடியில் இருந்த நர்ஸ் ஊசி போடுவார். ஊசி போட்ட அன்று அண்ணனுக்குக் குளிர் தூக்கிப் போடும். மறுநாள் கடை திறப்பார்.

முதல் இரத்தப் பரிசோதனையில் வைரஸ் குறைந்திருந்தது. அடுத்த முறை நான் போனபோது வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. மூத்தவளுக்குச் சின்னம்மை.

"ஆத்தா எறங்கியிருக்கா. கால அலம்பிட்டு வா. அந்தப் பிளாஸ்க வெளியிலயே வையி" என்றார் அம்மா.

"அம்மை பிள்ளைக்கும்மா. ஊசி அண்ணனுக்கு."

"வீடு ஒண்ணுதான?"

எங்கள் பக்கம் அம்மை கண்ட வீட்டில் தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, யாருக்கும் மருந்து இல்லை. இரும்பு முனை உடம்பில் படக் கூடாது. அம்மை இறங்கி, பிள்ளையின் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை அப்படித்தான். நர்ஸிடம் போனேன். அரசாங்கச் சம்பளம் வாங்குபவர், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுபவர். அவர் எங்கள் வாசல்வரை வந்து வேப்பிலையைப் பார்த்துத் திரும்பிப் போயிருந்தார்.

"ஆத்தா இருக்குற வீட்டுக்குள்ள ஊசியோட எப்படித்தா நொழைவேன்? நீங்க மதுரைக்குப் போயிருவீக. நான் நாளைக்கும் இந்தத் தெருவுலதான் நடக்கணும்."

நானே போடுகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். எனக்குப் போடத் தெரியும். அவர் கட்டிலில் சவரம் செய்யாத முகத்தோடு படுத்திருந்தார்.

"வேணாம் பாப்பா."

"நிப்பாட்டுனா திரும்பப் பெருகிரும்ணே."

"அன்னைக்கு என்னமோ சொன்னியே, செல்லு தானா நிப்பாட்டிக்கிரும்னு."

"ஆமா."

"அதுக்குத் தெரியுது. ஒனக்குத்தான் தெரியமாட்டேங்குது."

அடுப்படி வாசலில் நின்ற மதினி சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

"காச்சல்கூடப் பரவால்ல. கடையில ஒக்காந்திருக்கப்ப காரணமே இல்லாம அழுக வருது. புண்ணாக்கு வாங்க வந்தவன் முன்னால அழுதா, அவன் மாட்டுக்குப் போடுவானா, பயந்து திருப்பிக் குடுப்பானா?"

இந்த மருந்து மனதை அமுக்கும் என்று எனக்குத் தெரியும். அழுகையை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மதினி உள்ளே போய்விட்டார்.

மூத்தவளுக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்த அடுத்த நாட்களில் இளையவளுக்கு முத்துப் போட்டது. அம்மையில் அப்படித்தான், ஒரு பிள்ளை தேறும்போது அடுத்தது படுக்கும். வேப்பிலை மறுபடி புதிதாகச் செருகப்பட்டது. இரண்டு பிள்ளைகளின் உடம்பிலும் எல்லாம் முறையாக நடந்தன. வைரஸ் வந்தது தெரிந்தது, காய்ச்சல் எழுந்தது, தணிந்தது, பொருக்கு உதிர்ந்தது. நான் ஆய்வகத்தில் பார்த்த வரிசைதான். அதே கூரைக்குக் கீழே, அதே இரத்தத்தில் பிறந்த ஓர் உடம்பு எதையும் கவனிக்காமல் படுத்திருந்தது. அதன் கண் மட்டும் திரும்ப மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

வேப்பிலையை எடுத்த பிறகும் அண்ணன் ஊசிக்கு உடன்படவில்லை. மதுரை டாக்டர், இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். "அடுத்த வாரம் வாரேன்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐப்பசியில் வயிற்றில் நீர் கோத்தது. கால் வீங்கியது. பெரியாஸ்பத்திரியில் நீர் எடுத்தார்கள், மறுபடி கோத்தது, எடுத்தார்கள். தை பிறந்ததும் அவரை வேனில் திருச்சுழிக்குக் கொண்டுவந்தோம், உயிர் இல்லாமல்.

காரியமெல்லாம் முடிந்து நான் புறப்பட்ட அன்று மதினி கடையில் இருந்தார். மூட்டைகளை எலி கடித்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தன. என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"நிப்பாட்டாம போட்டிருந்தா பொழச்சிருப்பாகளா?"

எனக்குத் தெரிந்தவை மூன்று. அந்த மருந்தால் குணமாகிறவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. நடுவில் விட்டவர்களுக்கு அந்த வாய்ப்பும் குறைவு. அண்ணன் எந்தப் பக்கம் இருந்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றும் உண்மை. மூன்றில் எதைச் சொன்னாலும், அது கடைசியில் அம்மை கண்ட அந்த இரண்டு பிள்ளைகளின் தலையில் போய் விழும் என்று தோன்றியது.

"இல்ல மதினி, பொழச்சிருக்க மாட்டாக" என்றேன்.

அவர் கிழிந்திருந்த சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்துச் சணலால் இறுக்கிக் கட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப எதுக்கு அவுகளப் போட்டு அத்தன ஊசி குத்துனீக?"