சாட்சி சொல்ல எழுந்த வெள்ளிக்கிழமை

1985-ஆம் வருஷம் என்று நினைக்கிறேன். திண்டிவனத்துக்கு வெளியே இருந்த ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் அப்போது நான் டைப்பிஸ்ட். வீடு விழுப்புரத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்புறம். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரம் பண்ணவில்லை. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பையன் ஒருவன், கைக்குழந்தை ஒன்று, ரயில்வேயில் ஷிப்டு பார்க்கும் கணவர், எதற்கெடுத்தாலும் சுள்ளென்று பேசும் மாமியார். நாங்கள் தலைமுறை தலைமுறையாக மயிலம் முருகனைக் கும்பிடுகிறவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வந்த வம்பே இதில்தான் வந்தது.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். ஆபீஸ் திறப்பதற்கு முன்னால், பேராசிரியர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோரும் ஜெபக் கூடத்தில் கூடிச் சிறிது நேரம் ஜெபம் செய்வார்கள். மற்ற மதத்துக்காரர்கள் வந்தே தீர வேண்டும் என்று கிடையாது. சேர்ந்த அன்றைக்கே பிரின்சிபால் ஐயா, "உங்களுக்கு இஷ்டம் இருந்தா வாங்கம்மா, இல்லன்னா நேரா சீட்டுக்குப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

நான் ஒரு நாள் தவறாமல் போனேன். பக்தியா என்று கேட்காதீர்கள். அங்கே ஃபேன் இருந்தது, சாய்ந்து உட்கார பெஞ்சு இருந்தது. இருட்டோடு எழுந்து, சமைத்து, துணி துவைத்து, குழந்தைக்குப் பால் கொடுத்து, விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தவளுக்கு வேறு என்ன வேண்டும்? "கண்களை மூடுவோம்" என்று யாராவது சொன்னால் போதும், என் கண் மூடிக்கொள்ளும். தலை தானாகக் குனியும். அப்புறம் எல்லோரும் சேர்ந்து "ஆமென்" சொல்கிற சத்தத்தில்தான் திடுக்கிட்டு முழிப்பேன். தூங்கி எழுந்த கண்ணில் நீர் வழியும், முந்தானையால் துடைத்துக்கொள்வேன்.

இதைப் பக்கத்து சீட்டு அக்கா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் ஆபீஸில் சீனியர் கிளார்க், தங்கமான மனுஷி, ஜெபம் என்றால் உயிரை விடுவார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வருஷக்கணக்கா வர்றவங்களே ஜன்னலைப் பாத்துக்கினு உக்காந்திருக்காங்க. நீ எப்படி உருகிப் போறே! கண்ணெல்லாம் கலங்கிடுது பாரேன்" என்றார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். தூங்குகிறேன் என்று ஆபீஸில் போய்ச் சொல்ல முடியுமா? வேலை என்ன ஆகும்? பேசாமல் தலையை ஆட்டி வைத்தேன்.

அந்தச் சமயத்தில் என் உடம்பும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆபீஸ் மாடி ஏறுவதற்குள் நெஞ்சு படபடவென்று அடிக்கும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றுதான் ஏறுவேன். பச்சரிசியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றால்தான் நிம்மதி என்று ஒரு பைத்தியக்கார ஆசை. சின்னவள் பிறந்ததிலிருந்து மாதவிலக்கு வந்தால் லேசில் நிற்காது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? பொம்பளை உடம்பு என்றால் இப்படித்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

இதற்குள் சேதி விழுப்புரம் வந்துவிட்டது. அக்காவுக்குத் தெரிந்த ஒரு அம்மா, மார்க்கெட்டில் என் மாமியாரைப் பார்த்து, "உங்க மருமவ இன்னா பக்தி! தெனம் கண்ணீர் விட்டு ஜெபம் பண்ணுதாமே" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். நான் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்கே அங்க? டைப்பு அடிக்கத்தானே போறே, மதம் மாறவா போறே?"

"ஐயோ அத்தை, அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாமயா ஊரே பேசுது?"

என் கணவர் அதிகம் பேசமாட்டார். அவரும், "அப்போ எதுக்கு அழுறே அங்க?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். தூங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால், "இவ்வளவு பேஜாரு பட்டு வேலைக்குப் போவணுமா? வீட்லயே இரு" என்பார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாக ஆபீஸுக்குப் போன பெண் நான். அந்த வேலை என் உசிர். எப்படிச் சொன்னாலும் வேலை போய்விடும் போலிருந்தது.

இது போதாதென்று அக்கா அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டார். அங்கே வெள்ளிக்கிழமைகளில் ஒருவர் எழுந்து தன் வாழ்க்கையில் கடவுள் செய்ததைச் சொல்ல வேண்டும். சாட்சி சொல்வது என்பார்கள். வருகிற வெள்ளிக்கு அக்கா என் பெயரைக் கொடுத்துவிட்டார்! "ஐயா எவ்ளோ சந்தோஷப்பட்டாரு தெரியுமா? பயப்படாத, மனசுல இருக்கறத சொன்னா போதும்."

அந்த மார்க்கெட் அம்மா மூலமாக இதுவும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அங்க எழுந்து நின்னு நீ அதைச் சொன்னேன்னா அப்படியே அங்கியே இருந்துக்கோ. புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்." கத்திச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. மெதுவாகச் சொன்னார். என் கணவர் அன்றைக்கு டூட்டியில் இருந்தார், வீட்டில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது மயிலம் இருக்கும் பக்கம் திரும்பி, முருகா, எனக்கு வேலையும் வேண்டும், வீடும் வேண்டும், நீயே ஒரு வழி பண்ணு என்று கும்பிட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஜெபக் கூடத்தில் என் பெயரைச் சொன்னார்கள். எழுந்தேன். எல்லா முகமும் என்னையே பார்க்கிறது. அக்கா முன் வரிசையில் கையைக் கூப்பியபடி புன்னகையோடு இருக்கிறார். ஆபீஸில் பேசுவதற்கென்று வைத்திருந்த நல்ல தமிழெல்லாம் எங்கே போயிற்றோ, வாயைத் திறந்ததும் வீட்டுப் பேச்சுதான் வந்தது.

"நான் இங்க ஜெபம் எதுவும் பண்லிங்க. தெனம் தூங்கிக்கினு இருந்தேங்க."

கடைசி வரிசையில் ஃபிசிக்ஸ் லெக்சரர் ஒருவர், இளவயசுக்காரர், அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டார். அது பரவி எல்லோரும் சிரிக்க, அக்கா முகம் சுண்டிப்போனது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "கண்ணை மூடச் சொன்னா மூடிக்குதுங்க. தொறக்கறது என் கையில இல்லீங்க. மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அப்படியே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடலாம் என்று திரும்பினேன். வேலை போச்சு, ஆனால் பிள்ளைகள் மிஞ்சினார்கள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

பிரின்சிபால் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. கையை உயர்த்தினார், சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்து, "இருங்கம்மா. ஏன் அவ்வளவு அசதி?" என்று கேட்டார்.

இதைத்தான் சொல்ல வந்தேன். அத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி அது. பக்தி என்றவர்கள் கேட்கவில்லை, மதம் மாறிவிட்டாள் என்றவர்கள் கேட்கவில்லை, கட்டிய புருஷன் கேட்கவில்லை, நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் திக்கித் திணறி, காலையில் எழுவதிலிருந்து சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "மாடிப்படியில நீங்க ஒதுங்கி நிக்கறத பாத்திருக்கேன். எனக்கு வழி விடறீங்கன்னுதான் நினைச்சேன். மூச்சு வாங்குதா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். உடனே விடுதி நர்ஸம்மாவைக் கூப்பிட்டார்.

நர்ஸம்மா என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய், வெளிச்சத்தில் நிறுத்திக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். "அடிப்பாவி, உடம்புல ரத்தமே இல்லியே! இத்தோட விழுப்புரத்துலேந்து வந்துபோய்க்கினு இருக்கியா?" என்றவர், குரலைத் தாழ்த்தி மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "ஜல்தியா ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

ஜீப்பில் அக்காவும் ஏறிக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். கோபம் என்று நினைத்து நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம், "உன்னைப் பத்தி ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்டி. என் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?" என்றார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே, "கை ஐஸா இருக்குது. நீ மாறலன்னா போ. உசுரோட இரு, அது போதும் எனக்கு" என்றார். அவரும் அழ, நானும் அழ, ஜீப் டிரைவர் பாவம், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு வைத வசவை இங்கே எழுத முடியாது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இருதயம் தாங்கியிருக்காது என்றார். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். சேதி போனதும் கல்லூரியிலிருந்து பலர் வந்து வரிசையாக நின்றார்கள். அதில் என் குரூப்புக்கு யாருடையது பொருந்தியது தெரியுமா? கடைசி வரிசையில் சிரித்தாரே, அந்த லெக்சரருடையது! ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே என் கட்டிலருகே வந்து, "சிரிச்சதுக்கு அபராதம் கட்டிட்டேங்க" என்று அசடு வழிந்தார்.

மத்தியானம் அதே ஜீப்பில் என் கணவரையும் மாமியாரையும் அழைத்து வந்தார்கள். என்ன ஏது என்று முழுசாகச் சொல்வதற்குள் மாமியார் புறப்பட்டுவிட்டாராம். வார்டுக்குள் நுழைந்ததும் சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், படுத்திருந்த என்னைப் பார்த்தார். நர்ஸம்மாவிடம் நேராகவே கேட்டார்.

"ஞானஸ்நானம் குடுத்துட்டீங்களா?"

"இல்லம்மா, ரத்தம்தான் குடுத்துக்கினு இருக்கோம். உங்க மருமக ஜெபத்துல அழல. அசதியில தூங்கியிருக்கா."

மாமியார் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். "முடியலன்னு சொல்றதுக்கு வாய் இல்லியாடி உனக்கு? என்னாண்ட சொல்லக் கூடாதா? நான் என்ன பேயா, பிசாசா?" என்று திட்டிக்கொண்டே அழுதார். அந்தத் திட்டைக் கேட்கக் கேட்க எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் கணவர் தலைமாட்டில் நின்று என் நெற்றியில் கை வைத்தார், அதை எடுக்கவே இல்லை.

அழுது ஓய்ந்ததும் மாமியார் தொங்கிக்கொண்டிருந்த பாட்டிலை நிமிர்ந்து பார்த்து, "இது யாரு ரத்தம்?" என்றார். வாசலில் நின்ற லெக்சரரைக் காட்டினார்கள். அவர் பயந்துபோய் ஒரு எட்டு பின்னால் வைத்தார். மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லா இருப்பா. முதல்ல போய் ஏதாவது சாப்புடு" என்றார்.

அதற்கப்புறம் வீட்டில் அதிகாலை அடுப்பு மாமியார் பொறுப்பாகிவிட்டது. கேப்பை அடை, முருங்கைக் கீரை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் வெல்லம் போட்ட உருண்டை என்று என்னைத் திணறடித்தார். தினமும் டூட்டிக்குப் போகும் முன்னாலும் வந்த பிறகும் என் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொள்வார். மாதப் போக்குக்கும் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துச் சரி செய்தார்கள். நான் வேலைக்குத் திரும்பும் வரை என் டைப்பிங் வேலையை அக்காவே பார்த்திருக்கிறார். பெண்கள் ஓய்வறையில் ஒரு கட்டில் புதிதாக வந்திருந்தது. நேரே சீட்டுக்குப் போகவிடாமல், முதலில் கொஞ்ச நேரம் படுத்துக்கொள் என்று அனுப்பினார்கள். வேலையும் நிரந்தரமானது.

ஜெபக் கூடத்தில் இன்னொரு மாற்றத்தையும் பிரின்சிபால் ஐயா கொண்டுவந்திருந்தார். "ஆமென்" சொன்னதும் எழுந்து ஓடக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது, வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டு, பதில் வரும்வரை இருக்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. போகப் போக, தோட்டக்காரரின் முதுகு வலியும், பேராசிரியர் ஒருவருக்குத் தூக்கமே வராததும் எல்லாம் அங்கேதான் வெளியே வந்தன. நான் ரிட்டயர் ஆகும் வரை அந்தக் கூடத்துக்குப் போனேன், விழித்துக்கொண்டு!

நான் இன்றைக்கும் மயிலம் முருகனைக் கும்பிடுகிறவள்தான். அன்று கைக்குழந்தையாக இருந்தவள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். போனில் அவள் "அம்மா" என்று கூப்பிடும்போதெல்லாம், அப்படிக் கூப்பிட அவளுக்கு நான் இருப்பதே, சிரிக்காமல் ஒரு மனுஷர் "ஏன் அவ்வளவு அசதி?" என்று கேட்டதால்தானே என்று நெஞ்சு நிறைந்துவிடுகிறது.