மூன்றாம் கொட்டு

எங்கள் வீட்டு வளவில் ஏழு வருடம் கிணறு இல்லை. அந்த ஏழு வருடமும் கிணறு இறக்குவதுதான் என் தொழில். ஆற்றின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் இன்றைக்கும் ஆட்கள் தண்ணீர் அள்ளுகிற கிணறுகளில் குறைந்தது பதினைந்து இருபது என் ஆட்கள் இறக்கியவை. என் மனைவி மட்டும் குடத்தோடு முன்வீட்டு மாமியின் வளவுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

வளவும் வீடும் அவளுடையவை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். நான் ஒரு தகரப் பெட்டியோடும் இரண்டு சாரத்தோடும் வந்து சேர்ந்தவன். அதற்கு முன்னால் கரடியனாற்றில் வயல் காவல் இருந்தேன், கல்குடாவில் சுண்ணாம்புச் சூளைக்குக் கல் சுமந்தேன், வேறு சில இடங்களிலும் சில மாதங்கள் இருந்தேன். படிப்பு நாலாம் வகுப்பு. ஓரிடத்தில் ஒரு வருடம் ஆனால் கால் அரிக்கத் தொடங்கிவிடும். கல்யாணம் முடித்த பிறகும் துறையில் தோணியைக் கண்டால், ஏறிப் போனால் என்ன என்று தோன்றும். போகவில்லை. போக நேரம் இருக்கவில்லை என்பதுதான் சரி.

எங்கள் கிணறுகள் கொட்டுக் கிணறுகள். மூன்றடி அகலம், இரண்டடி உயரத்தில் சீமெந்தால் வளையம் வார்ப்போம். அந்த வளையத்துக்குத்தான் கொட்டு என்று பெயர். மணலைத் தோண்டி முதல் கொட்டை வைத்து, ஒருவன் அதற்குள் இறங்கி அடி விளிம்பைச் சுற்றி மண்ணை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொட்டு தன் பாரத்திலேயே கீழே போகும். அதன்மேல் அடுத்தது. எல்லாப் பக்கமும் ஒரே அளவாக எடுக்க வேண்டும். இதைச் செய்வதற்கு வருடத்தில் இரண்டரை மாதந்தான் இருக்கிறது, ஆடிக் கடைசியில் இருந்து மாரி மழை தொடங்கும்வரை. தண்ணீர் அடிக்குப் போயிருக்கிற காலத்தில் இறக்கினால்தான் அடுத்த கோடைக்கும் கிணறு வற்றாது. ஆகவே ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிணறு வேண்டும்.

நாங்கள் மூன்று பேர். கொட்டு வார்ப்பவர் கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருந்து தோணியில் வருகிற ஒரு முஸ்லிம்; எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். என்னை விடப் பத்து வயது மூத்தவர், தொழிலிலும் அப்படித்தான். குழிக்குள் இறங்குகிறவன் என் மனைவியின் தம்பி. வேலை பிடிப்பதும் ஆட்களோடு பேசுவதும் நான் என்பதால் தலைமை எனக்கு வந்தது. காக்காவின் சட்டம் ஒன்றுதான். மூன்றாம் கொட்டு மண்ணுக்குள் போய்விட்டால், அடியில் பருமணல் வரும்வரை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் மணல் நெருங்கிப் பிடித்துவிடும். பிறகு கொட்டு சரியுமே தவிர இறங்காது.

இதோடு நான் ஊர் மரண உதவிச் சங்கத்தின் செயலாளன். படிப்பைப் பார்த்து யாரும் என்னைத் தெரிவு செய்யவில்லை. சாவு விழுந்தால் எந்த நேரமும் ஆற்றைக் கடந்து போய் உறவுக்குச் சொல்லி, வெள்ளைத்துணி வாங்கி, திரும்பி வந்து குழி வெட்டக் கூடியவன் என்று கண்டார்கள். அவ்வளவுதான். விளக்கும் மண்வெட்டிகளும் வைத்த சங்கப் பெட்டியின் சாவி, நாங்கள் திறப்பு என்போம், என் இடுப்பில் இருந்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு புரட்டாதி. மனைவிக்கு மூன்றாவது பிள்ளை, ஏழு மாதம். ஒரு நாள் விடிய அவள் குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வெறுமையாக வைத்தாள்.

"இஞ்சேருங்க. இந்தப் புள்ள பிறக்கக்குள்ள என்ட வளவில தண்ணி இரிக்கணும். மழைக்குள்ள வயித்தையும் தூக்கிக் குடத்தையும் தூக்க எனக்கு ஏலா."

"கரடியனாத்து வேலை முடியட்டும் புள்ள."

"போன வரிசம் வேற ஊர் முடியட்டும் எண்டீங்க. அதுக்கு முந்தின வரிசம் பள்ளிக்கூடக் கிணறு. இந்தமுறை ஆர் செத்தாலும் நீங்க குழியால ஏறப்படாது."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த முன்வீட்டு மாமி வேலிக் கடவையில் நின்று சிரித்தாள். அறுபது வயது இருக்கும். மகள் கல்லடிப் பக்கம் வேலையாக இருந்ததால் தனியாக இருந்தாள். வாய் மட்டும் கொஞ்சம் அதிகம்.

"ஊருக்கெல்லாம் கிணறு வெட்டுறவன்ட பொஞ்சாதி என்ட கிணத்துக் கயித்தைத் தேய்ச்சு முடிக்கிறாள். புதுக் கயிறாவது வாங்கித் தா மருமகன்."

காக்காவிடம் சொன்னேன். அவர் பீடியைப் பற்றவைத்தார்.

"நாலு நாள் தாறன் தம்பி. கொட்டு அஞ்சும் வார்த்துக் காய்ஞ்சு கிடக்கு, கரடியனாத்துக்கு எண்டு வார்த்தது. அந்தக் கிணத்துக்காரருக்கு அங்க போய் வார்ப்பம். ஆனா அஞ்சாம் நாள் விடிய நான் தோணி ஏறுவன். அந்த மனிசன் ஒரு மாசமாக் காத்து நிக்கிறார்."

முதல் நாள் குழி. இரண்டாம் நாள் இரண்டு கொட்டு. மூன்றாம் நாள் பத்து மணிபோல மூன்றாம் கொட்டை வைத்து, அரைவாசிக்கு மேல் இறக்கியும் விட்டோம். அன்றைக்கு நான்தான் உள்ளே. முழங்காலுக்குத் தண்ணீர் வந்திருந்தது. மேலே மனைவியின் தம்பி, என் மச்சான், வாளி இழுத்தான். காக்கா விளிம்பில் குந்தி, "இடப்பக்கம் ஒரு கை, இடப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் எழும்பியது. இத்தனை சாவு பார்த்தவனுக்கு அது என்ன குரல் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. என்றாலும் நான் குனிந்து மண்ணை எடுத்துக்கொண்டே இருந்தேன். மனைவி கடவையால் ஓடினது காலடியில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் முகம் குழிக்கு மேலே தெரிந்தது.

"மாமி போயிட்டா. அடுப்படியில இருந்தபடி."

நான் அடுத்த வாளியை நிறைத்தேன்.

"ஏறுங்க."

"நிப்பாட்டினாக் கொட்டுப் பிடிச்சிடும் புள்ள."

"தெரியும். ஏறுங்க. ஏழு வரிசம் அவட தண்ணியக் குடிச்சுப்போட்டு, அவக்கு நீங்க குழி வெட்டாம மறுகா ஆர் வெட்டுற?"

மூன்று நாளைக்கு முன்னால் ஏறக்கூடாது என்று சொன்ன அதே வாய். காக்கா என்னைப் பார்த்தார்.

"மூணாம் கொட்டு தம்பி," என்றார் ஒருமுறை. பிறகு, "மையத்து வீட்டை முதல்ல பாருங்க. நான் நிண்டு தண்ணிய இறைக்கிறன். இறைச்சுக்கொண்டு இருந்தா ராவைக்குத் தாங்கும்" என்றார்.

ஈரச் சாரத்தோடு ஏறிப் போய்ச் சங்கப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு மண்வெட்டி. ஒன்றுக்குப் பிடி இல்லை. முந்தின சாவில் உடைந்தது. புதுப் பிடி போட வேண்டும் என்று நானே சங்கக் கணக்குக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். போடவில்லை. மற்றதில் ஆணி கழன்று தலை ஆடியது. கல்லடிக்கு மாமியின் மகளிடம் ஆள் போக வேண்டும், ஆட்கள் உட்கார வாங்கு எடுக்க வேண்டும், வெயில் சாயுமுன் குழி முடிய வேண்டும். ஒரு பக்கம் பெண்கள் ஒப்பாரி, மறுபக்கம் சங்கத் தலைவர், "செக்கட்டரியார், துணி எங்க? செக்கட்டரியார், பந்தலுக்கு ஆர்?" என்று என்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மச்சானிடம், "நம்மட மம்பட்டி ரெண்டையும் எடுத்துக்கொண்டு மயானத்துக்குப் போ" என்று சொல்லிவிட்டுத் துறைக்கு ஓடினேன்.

ஒன்றையாவது விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம். சவக்குழி வெட்டின மண்வெட்டி குடிதண்ணீர்க் கிணற்றுக்குள் இறங்கக்கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எட்டாம் நாள் கழிய வேண்டும், மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதற்காகத்தான் சங்கத்துக்கு என்று தனி மண்வெட்டியே வாங்கி வைத்திருந்தோம். வாங்கின பற்றுச்சீட்டில் கையொப்பம் வைத்தவன் நான். காக்காவுக்கு இந்த வழக்கம் தெரியாது. எனக்குத் தெரியும். நினைவு வரவில்லை.

மாலையில் அடக்கம் முடிந்து ஆற்றில் முழுகி வந்தபோது காக்கா வாளியோடு தனியாக இருந்தார். உள்ளங்கை வெடித்திருந்தது.

"நேராத்தான் நிக்குது. விடிய வெள்ளனத் தொடங்கினாச் சரி," என்றார்.

விடிந்ததும் மனைவி வேலியில் சாத்தியிருந்த மண்வெட்டிகளைக் கண்டாள். பிடியில் மயானத்துக் கறுப்பு மண் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"இது எங்க போய் வந்த?"

மச்சான் அந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டான்.

"கழுவின அக்கா," என்றான் மச்சான்.

"கழுவினயா? என்ட புள்ளைக்கு வாயில விடுற தண்ணிக்குள்ள இதையா இறக்கப் போற?" பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

காக்கா, "மணல் இறுகிப் போகப் போகுது, ஏதாவது ஒண்டக் கொண்டாங்க" என்று சொல்லி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே இறங்கினார். பால்பேணித் தகரத்தாலும் கையாலும் விளிம்பைக் கீறினார். மச்சானை மண்வெட்டி கேட்டு அனுப்பினேன். ஊரில் ஒன்றும் இல்லை. பெரும்போக வரம்பு வெட்டுகிற நேரம், எல்லா மண்வெட்டியும் ஆட்களோடு வயல் வட்டைக்குப் போய்விட்டது. அவன் மூன்று வட்டை திரிந்து ஒன்றைக் கொண்டுவந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அதற்குள் மேற்குப் பக்கம் மணல் சரிந்து உள்ளே வந்து, கொட்டு அந்தப் பக்கம் தலை சாய்ந்து நின்றது. மேலே பாரத்துக்குக் கல்லேற்றிப் பார்த்தோம். மூன்றாம் கொட்டு வாயில் இருந்து அடிவரை வெடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை.

ஐந்தாம் நாள் காக்கா சொன்னபடி தோணி ஏறினார்.

"கோபமில்ல தம்பி. கரடியனாத்துக்கு எப்ப வாறீங்க?"

"எட்டு முடியாம முழுசா வர ஏலா காக்கா. இடையில வாறன்."

"இடையில வந்து என்ன செய்யிற? குழிய எட்டிப் பார்த்துப்போட்டுப் போறதா?" என்று கேட்டு, பிறகு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் எல்லாவற்றுக்கும் மேலான ஒன்று எனக்கு உறைத்தது. சாவு வீட்டுக் கிணற்றில் முப்பத்தோராம் நாள்வரை அயல் ஆட்கள் தண்ணீர் அள்ளுவதில்லை. மாமியின் கிணறும் இல்லை, எங்கள் கிணறும் இல்லை. அடுத்தது பள்ளிக்கூடக் கிணறு, கால் மைலுக்கு மேல். அதுவும் நான் இறக்கினதுதான்.

முப்பத்தொன்று கழியும்வரை நானே சுமந்தேன். விடியுமுன் எழும்பி, காவுதடியில் இரண்டு தகரம் கட்டி, இரண்டு நடை. பிறகு துறை, தோணி, அக்கரையில் இருந்து பஸ்ஸில் கரடியனாறு. பின்னேரம் வந்தால் சாவு வீட்டு வேலை, சங்கக் கூட்டம், மறுபடி ஒரு நடை. ஆம்பிளை தண்ணீர் சுமப்பது எங்கள் ஊரில் காணாத காட்சி. பள்ளிக்கூடக் கிணற்றடியில் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டு, நான் திரும்பியதும் வாயைப் பொத்துவார்கள்.

"செக்கட்டரியார் இப்ப தண்ணிச் சங்கமும் நடத்துறாராம் கா."

"சந்தா எவ்வளவாம்?"

தோளில் தோல் உரிந்து காய்ப்புக் கட்டியது. தோணியில் ஏறினால் உட்கார்ந்தபடி தூங்கிவிடுவேன். கரையில் தட்டி எழுப்புவார்கள். அந்த நாட்களில்தான் எங்காவது போய்விடலாம் என்ற எண்ணம் வருவது நின்றது. மனம் திருந்தி அல்ல. போவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

மாரிப் பெருமழைக்குள், கார்த்திகையில் பெண் பிள்ளை பிறந்தது. அதற்குள் முப்பத்தொன்று கழிந்து, மாமியின் மகள், "அம்மா இருக்கக்குள்ள மாதிரியே வந்து அள்ளுங்க அக்கா" என்று சொல்லியிருந்தாள். சாய்ந்த கொட்டுக்குள் மழைத்தண்ணீர் நிரம்பித் தவளை கத்தியது. மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். தையில் நடந்த சங்கப் பொதுக்கூட்டத்துக்கு நான் வேண்டுமென்றே போகவில்லை. போகாதவனைத் திரும்பவும் செயலாளனாகத் தெரிவு செய்து ஆள் அனுப்பினார்கள்.

அடுத்த ஆவணியில் காக்கா கூப்பிடாமலே வந்தார். சாக்கில் சுற்றின ஒன்றை முற்றத்தில் வைத்து அவிழ்த்தார். புது மண்வெட்டி, பிடியில் வாச்சி செதுக்கின தழும்பு காயாமல் இருந்தது.

"இது மையத்துக் குழி காணாத மம்பட்டி, தங்கச்சி. நீங்களே வச்சிருங்க. வேலைக்கு மட்டும் எங்களிட்டத் தாங்க," என்று மனைவியிடம் கொடுத்தார்.

அவள் வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, என் முன்னால் கையை நீட்டினாள்.

"என்ன?"

"பெட்டித் திறப்பு. நாலு நாளைக்கு என்னட்ட இரிக்கட்டும்."

"ஆராவது செத்தா?"

"நான் திறந்து குடுக்கிறன். ஆத்தால போகவும் ஆள் அனுப்புறன். ஊரில உங்களுக்கு மட்டுமா கால் இரிக்கு?"

பிடி போட்ட இரண்டு மண்வெட்டியும் பெட்டிக்குள் இருக்கின்றன என்று சொன்னேன். "பார்த்திட்டன்," என்றாள். எப்போது பார்த்தாள் என்று கேட்கவில்லை. திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

பழைய இடத்தில் இருந்து ஏழெட்டு அடி தள்ளித் தொடங்கினோம். மூன்றாம் நாள் மத்தியானம் ஐந்தாம் கொட்டின் கீழே கால் பெருவிரலில் பருமணல் தட்டுப்பட்டது. தண்ணீர் இடுப்புவரை ஏறியது, குளிர்ந்த தண்ணீர். அந்த மூன்று நாளும் ஊரில் யாரும் சாகவில்லை. அது எங்கள் கெட்டித்தனம் அல்ல.

மேலே இருந்து மச்சான் கயிறு விட்டான். "ஏறுங்க மச்சான்." காக்கா, கரடியனாற்றில் அடுத்த கிணற்றுக்கு ஆள் வந்து நிற்பதாகச் சொன்னார். நான் தண்ணீருக்குள் குந்திக் கழுத்துவரை அமிழ்ந்து, கொட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். அந்த இடத்தில் எனக்கு மூன்றடி அகலம் இருந்தது. போதும்போல இருந்தது.

"அவர் ஏறுற மாதிரி இல்ல," என்று மச்சான் சொன்னது கேட்டது.

மனைவியின் முகம் வந்து எட்டிப் பார்த்தது. இடுப்பில் பிள்ளை.

"இரிக்கிறதெண்டா இரிங்க. வாளிய விடுறன். தண்ணிய அள்ளி விட்டுப்போட்டு இரிங்க."

"கலங்கல் புள்ள. நாலைஞ்சு நாள் இறைக்கோணும்."

"கலங்கலோ என்னவோ, அனுப்புங்க."

வாளி தலைக்கு மேலே ஆடி ஆடி இறங்கியது. பிடித்து, அமிழ்த்தி, நிறைத்து, கயிற்றை ஒருமுறை இழுத்துக் காட்டினேன். அவள் இழுத்தாள்.