கோச்சிடம் நான் மறைத்தது

என் கணவர் அன்னூரில் லேத் பட்டறை நடத்துகிறார். விபத்தில் தன் தம்பி கண்ணெதிரே இறந்ததிலிருந்து, சத்தம் கேட்டாலே வெறி வந்து என்னை அடித்தார். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, "தொழிலில் ஊக்கமில்லை" என்று மட்டும் சொல்லி அவரை லைஃப் கோச்சிடம் சேர்த்தேன். கோச்சும் அவரைத் தொழில் இலக்குகளை எழுத வைத்தார்.

ஒரு காலை குக்கர் விசில் அடித்ததும், கணவர் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் இடித்தார். வாயெல்லாம் ரத்தம். மகள் அலறிய பிறகே கையை எடுத்தார். "அம்மணி, நானா இப்படிச் செஞ்சுபோட்டேன்?" என்று கேட்டார்.

மகளோடு தாராபுரத்திலுள்ள என் அக்கா வீட்டுக்குப் போய், கோச்சிடம் போனில் உண்மையைச் சொன்னேன். "ஏனுங்க, முன்னமே சொல்லியிருக்கலாமுங்களே! நான் முன்னேற வழி சொல்றவனுங்க. இது மனக்காயம், சிகிச்சை வேணுமுங்க. நீங்க இப்பத் திரும்பிப் போகாதீங்க" என்றார்.

கணவர் மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெறுகிறார். நான் இன்னும் அக்கா வீட்டில்தான். இப்போது யார் கேட்டாலும், அடித்தார் என்றே சொல்கிறேன்.