ஓடாத ஆற்றை ஓடியதாகச் சொன்னது

ஒரு சப்பானியத் தொடருக்கான எங்கள் மாவட்டத்துச் சுவைஞர் குழுவில் என்னைப் பற்றி இரண்டு செய்திகள் உலவுகின்றன. படம் எடுத்த நிறுவனத்துக்கு நான் ஆளாகிவிட்டேன் என்பது ஒன்று. முதுமையால் பார்வை மங்கி, நின்ற படத்தை ஓடும் படமாகக் கண்டேன் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை. என் கண் நன்றாகவே தெரிகிறது. மங்கியது என் துணைவியாரின் கண். நான் தெரிந்தே பொய் எழுதினேன். ஏன் எழுதினேன் என்பதை இதுவரை அவர் ஒருவரிடம் மட்டுமே சொல்லியிருக்கிறேன். என் எழுத்தை நம்பிய குழுவினருக்கும் அதைச் சொல்லும் கடமை எனக்குண்டு. அதனால் இதனை எழுதி வைக்கிறேன்.

நாங்கள் குளத்தூரில் வாழ்கிறோம். நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். அவர் குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியையாக இருந்தார். பிள்ளைகளை அங்குள்ள குடைவரைக் கோவிலின் தூண்களுக்கு முன் அமர்த்தி, முதலில் நிழலை வரையச் சொல்வாராம். நிழல் சரியாக விழுந்துவிட்டால் தூண் தானே வந்து நிற்கும் என்பது அவர் கொள்கை.

விடுமுறைக்கு வந்த எங்கள் மகள், அனிமே என்று இளையோர் வழங்கும் சப்பானிய அசைவூட்டத் தொடர் ஒன்றைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினாள். ஆறு களவுபோன நாடு ஒன்று. அந்நாட்டு ஓடக்காரப் பெண்ணொருத்தி, தன் படகைத் தோளில் சுமந்துகொண்டு ஆற்றைத் தேடிப் புறப்படுகிறாள். மகள் பெங்களூருக்குத் திரும்பிவிட்டாள். தொடர் எங்களிடம் தங்கிவிட்டது.

எங்களுக்குள் ஒரு பங்கீடு அமைந்தது. கீழே ஓடும் ஆங்கில வரிகளை நான் படித்து அப்போதே தமிழில் சொல்வேன். அவர் வரிகளின் பக்கம் திரும்பாமல் படத்தையே பார்ப்பார். சொல் என் பங்கு, படம் அவர் பங்கு. என் தமிழ் அவருக்கு உடன்பாடில்லை. “ஏங்க, படகத் தூக்கிட்டு அலையிற புள்ள ‘யான் மீள்வேன்’னா சொல்லும்? ‘திரும்பி வாரேன்’னு சொல்லும். அத மேடையில ஏத்தாதீங்க” என்பார். நான் மாற்றிக்கொண்டதில்லை. அவரும் சொல்வதை விட்டதில்லை.

ஆவூரைச் சேர்ந்த கணக்காசிரியை ஒருவர் இத்தொடருக்காகப் புலனக் குழுவொன்றை நடத்துகிறார். வாட்ஸ்அப் என்றால் எல்லோருக்கும் விளங்கும். மகள் எங்களையும் அதில் சேர்த்துவிட்டாள். ஒவ்வொரு பகுதியும் வெளியானதும் அதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. குழுவில் என் எழுத்தைத் தவறாமல் படித்துக் கருத்துரைப்பவர் மீமிசலில் மீன் ஏலம் எடுக்கும் ஒருவர். அவர் எழுதமாட்டார், குரற்பதிவுதான். ஏலக்கூச்சலுக்கு இடையே, ஓடக்காரி துடுப்புப் பிடிக்கும் முறை சரியா தவறா என்று அவர் தரும் விளக்கத்தைக் கேட்க என் துணைவியார் காத்திருப்பார்.

சருக்கரை நோய் என் துணைவியாரின் விழித்திரையைத் தின்னத் தொடங்கியது அந்த நாள்களில்தான். மாதந்தோறும் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று கண்ணில் ஊசி போட்டுக்கொண்டார். பார்வையின் நடுப்பகுதி முதலில் போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். திரும்பும் பேருந்தில் அவர் கேட்டது ஒன்றுதான்: ஆறு திரும்பி வருகிற பகுதி எப்போது வரும்? அதைத் தம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றார். நீரை வரைவதுதான் எல்லாவற்றினும் கடினம். அந்த நாட்டுக்காரர்கள் அதை எப்படி வரையப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டால் போதும் என்றார்.

இறுதிப் பகுதி தைத் திங்களில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதுவரை காணாத அழகோடு தருவதற்கே காலம் கேட்பதாக நிறுவனம் அறிவித்தது. பங்குனி என்றார்கள், பிறகு நாள் குறிக்காமலே தள்ளிவைத்தார்கள். இயக்குநர் விலகிவிட்டார், ஓவியர்கள் உறங்காமல் உழைத்து நோயுற்றார்கள், மீதி வேலையை வெளியாரிடம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று குழுவில் செய்திகள் வந்தன. எவை மெய், எவை புனைவு என்று எனக்குத் தெரியாது. குழு கொதித்தது. சிலர் நிறுவனத்தை ஏசினார்கள். சிலர் பெயர் தெரியாத ஓவியர்களையே ஏசினார்கள். கணக்காசிரியை மட்டும், ஏசுவதானால் முதலாளியை ஏசுங்கள், வரைபவரை விடுங்கள் என்று ஒவ்வொரு நாளும் எழுதிக்கொண்டிருந்தார். நான் எல்லோரையும் ஏசினேன். அவர்கள் கடத்திய ஒவ்வொரு திங்களும் என் துணைவியாரின் கண்ணிலிருந்து எடுத்த திங்கள் அல்லவா?

அவர் ஏசவில்லை. “பரிட்சைக்கு முந்தி ஒரு வகுப்புப் படத்தத் திருத்துறதுக்குள்ளயே எனக்குக் கை விட்டுப்போகும். அவுக எத்தன படம் போடணும். வரட்டும்” என்றார்.

ஆவணியில் வந்தது. அதற்குள் அவருக்கு ஒளியும் இருளும் மட்டுமே பிரிந்து தெரிந்தன. படத்தைச் சொல்லும் பங்கும் என்னிடம் வந்திருந்தது. காலைப் பலகாரம் முடிந்ததும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தோம். தொடக்கத்திலேயே எனக்குக் குறை தெரிந்துவிட்டது. ஓடக்காரியின் வாய் மட்டும் திறந்து மூடியது, முகம் அசையவில்லை. ஆற்றை மீட்கும் போர்க்களத்தில் நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். இறுதியில் ஆறு வந்தது. ஆறு என்றால், ஒரே ஓவியம். அதன்மேல் இசை எழுந்து கொட்டியது. நீர் அசையவில்லை.

“தண்ணி வந்துருச்சா?” என்று கேட்டார்.

வந்துவிட்டது என்றேன். எப்படி வருகிறது என்றார். அந்தக் கணத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வறண்ட மண் முதல் நீரைக் குடிக்கும்போது குமிழி குமிழியாக மூச்சு விடுவதைச் சொன்னேன். நீரின் விளிம்பு வைக்கோலையும் சருகையும் முன்னே தள்ளிக்கொண்டு வருவதைச் சொன்னேன். எறும்புகள் ஒன்றையொன்று பற்றி மிதந்து வருவதைச் சொன்னேன். அவர் திரையின் பக்கம் முகத்தைச் சாய்த்து, “வெளிச்சம் ஒரே மாதிரி நிக்கிதே?” என்றார். தொலைவிலிருந்து காட்டுகிறார்கள், அகன்ற ஆறு, அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொய் அத்துடன் நிற்கவில்லை. நான் எழுதும் சுருக்கத்தைக் கைப்பேசியைப் படிக்கச் சொல்லிக் கேட்பது அவர் வழக்கம். எனவே எழுத்திலும் அதே ஆற்றை ஓடவிட்டேன். குமிழியும் சருகும் எறும்புமாக எழுதிக் குழுவில் இட்டேன்.

நண்பகல் உணவுக்கு அமர்ந்தபோது மீமிசல்காரரின் குரற்பதிவு வந்தது. வழக்கம்போல் அதை உரக்க ஒலிக்கவிட்டவன் நானேதான். கை பழகிவிட்டது.

“ஐயா, நீங்க எந்தப் படத்தப் பாத்தீங்க? எறும்பு மெதந்துச்சாம்ல. இங்கிட்டு எங்களுக்கு அந்த ஆத்துல ஒரு சொட்டு அசையலங்க. போட்டோ புடிச்சு மாட்டுன மாதிரி நிக்கிது. கம்பெனிக்காரன் ஒங்களுக்கு மட்டும் தனியா ஓட்டிக் காட்டுனானா?”

நான் அணைப்பதற்குள் முழுவதும் ஒலித்துவிட்டது. துணைவியார் பிசைந்த சோற்றை உண்ணாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

“அப்ப நீங்க சொன்னது?”

நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

“அது நம்ம வீட்டு முன்னாடி வாய்க்கால்ல வந்த தண்ணி. கண்மாய் தொறந்து விட்ட அன்னிக்கி நாம ரெண்டு பேரும் நின்னு பாத்தது. எறும்பக் காட்டுனதே நான்தான்.” தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்: “கம்பெனிக்காரன் ஏமாத்துனான், சரி. அவனுக்கு என்னையத் தெரியாது. நீங்க எதுக்குங்க?”

உன் மனம் நோகக்கூடாது என்றுதான் என்றேன். அதை நான் அவரிடம் செந்தமிழில் சொல்லவில்லை என்பது நினைவிருக்கிறது. அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை, மறுபடி போடுங்கள் என்றார். இம்முறை ஓட்டாமல், ஒவ்வொரு படமாக நிறுத்தி, இருப்பதை இருக்கிறபடியே சொல்ல வேண்டும் என்றார். கோடு அழுத்தமா மெலிவா, நிழல் விழுந்திருக்கிறதா, விரல்கள் ஐந்தும் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஓவியம் அறியாத நான் தடுமாறினேன். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள் என்றார். ஆற்றுப் படத்துக்கு வந்தபோது, வலப்பக்கக் கீழ் மூலையில் வண்ணத்துக்கு அடியில் மெல்லிய சாம்பல் கோடுகள் இரண்டு தெரிவதைச் சொன்னேன். அவர் என் கையைத் தொலைக்காட்சியின்மேல் வைக்கச் சொல்லி, அதன்மேல் தம் கையை வைத்துக்கொண்டார். நான் அக்கோடுகளை விரலால் தடவிக் காட்டினேன்.

“பென்சில் கோடு. அழிக்க நேரமில்ல” என்றார். “இந்தக் கை எனக்குத் தெரியும். அவசரத்துல போட்டாலும் தண்ணிய எங்கிட்டுத் திருப்பணும்னு தெரிஞ்ச கை. இதையா எங்கிட்ட மறச்சீங்க?”

அதற்குப் பின் அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அன்று முதல் நான் சொல்வதை அவர் அப்படியே ஏற்பதில்லை. வெளியே தூறுகிறது என்றால், பலகணி வழியே கையை நீட்டிப் பார்த்த பிறகே ஆம் என்கிறார். மருந்துப் புட்டியின் பெயரை நான் படித்தால், மகளிடம் கைப்பேசியில் ஒருமுறை கேட்டுக்கொள்கிறார். தொடர்களைப் பற்றிய ஐயங்களை மீமிசல்காரரிடமே கேட்கிறார். என்னைப் பகடி செய்வதும் நின்றுவிட்டது. அடுத்து நாங்கள் பார்க்கும் தொடரில் ஒருவனை ‘யான் மீள்வேன்’ என்றே பேசவிட்டேன், வேண்டுமென்றேதான். அவர் திருத்தாமல், அடுத்த வரி என்ன என்றார்.

இறுதிப் பகுதியை இப்போது படம் படமாக எழுதி முடித்துக் குழுவில் இட்டிருக்கிறேன். அசையாதவற்றை அசையாதவை என்றே எழுதியுள்ளேன். அசைந்தவை என்று நான் கண்டவை மூன்று: ஓடக்காரியின் வாய், ஒரு கொடியின் நுனி, கரையில் ஒரு பறவையின் இறகு. அவர் கேட்டதற்காக ஒன்பது முறை பார்த்தேன். ஆயினும் ஓவியம் பயிலாத கண் இது. அத்தொடரைப் பார்த்தவர்கள் யாரேனும், நான் விட்டது எதையேனும், மிகையாகச் சொன்னது எதையேனும் கண்டால் தெரிவிக்க வேண்டுகிறேன். கூடுமானால் குரற்பதிவாக அனுப்புங்கள். முன்னதாக நான் கேட்காமல், அவர் இருக்கும்போதே ஒலிக்கவிடுகிறேன்.