சாரலும் சிலாக்சேனும்

என் மனைவியின் நீலப் பருத்திச் சேலையில் முழங்கைக்குக் கீழே படும் இடமெல்லாம் பொடிப்பொடியாக ஓட்டைகள் இருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் அவள் குற்றாலத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். நான் தென்காசியில் வங்கி எழுத்தர். ஓட்டைகள் அவளுடைய ஆராய்ச்சி போட்டவை. குளோரோசிலேன் என்ற திரவத்தில் தண்ணீர் பட்டால் அமிலப் புகை கிளம்பும், மிஞ்சுவது சிலாக்சேன். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு குளிர்ச்சி, அமிலம் எவ்வளவு நேரம் கூட இருக்கிறது என்பதைப் பொறுத்து, அது தெளிந்த எண்ணெயாகவும் நிற்கும், நீண்ட சங்கிலிகளாகிப் பிசினாகவும் இழுக்கும். எது எப்போது என்று கண்டு சொல்வதுதான் அவளுடைய ஆய்வு.

ஆனியில் சாரல் விழுந்ததும் எல்லாம் குலைந்தது. அவள் அளந்து ஊற்றும் தண்ணீருக்கு முன்பே காற்றின் ஈரம் குடுவைக்குள் போய்விடும். ஈரத்தை உறிஞ்ச வைத்த கால்சியம் குளோரைடே கசிந்து தண்ணீராகக் கிடந்தது. ஒரே அளவில் மூன்று முறை செய்தால் மூன்று விதமாக வந்தது.

தென்காசியில் எங்கள் வீட்டிலோ சீசன் விருந்தாளிகள். வாசுதேவநல்லூரிலிருந்து என் பெரியம்மா குடும்பத்தோடு வந்து, ஐந்தருவியில் குளித்துவிட்டுப் பசியோடு திரும்புவாள். அத்தனை பேருக்கும் சமைத்துவைத்துவிட்டு இவள் பஸ் பிடிப்பாள்.

“ஏட்டி, ஊரே சாரலுக்குக் கெடந்து தவிக்கு. நீ என்ன மானத்தப் பாத்து மூஞ்சியச் சுளிக்கே?” என்று பெரியம்மா ஒருநாள் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு அத்த. எனக்குத்தான் ஒத்துக்கிட மாட்டேங்கு” என்றாள் இவள், சோற்றை வடித்துக்கொண்டே.

மதராஸிலிருந்த வழிகாட்டிப் பேராசிரியரிடம் நேரில் போய் ஈரக் காற்றைப் பற்றிச் சொன்னாள். “வானத்தின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. கை சுத்தமாக இருந்தால் முடிவு மாறாது” என்று அவர் சொல்லிவிட்டார். அடுத்த கோடைக்குள் முடிக்காவிட்டால் முனைவர் பட்டப் பதிவு ரத்தாகிவிடும். ஐப்பசி அடைமழையிலும் விடாமல் செய்து பார்த்தாள். குடுவைகளில் படிந்த பிசினைச் சுரண்டிச் சுரண்டி அவள் விரல் நுனிகள் வெடித்தன. நான் விட்டுவிடச் சொல்லவில்லை. செய் என்றும் சொல்லவில்லை. என்ன சொன்னாலும் அவளுக்குக் கூடுதல் பாரம் என்று தோன்றியது.

பங்குனியில் அருவிகள் வற்றின. பாறை மட்டும் வெயிலில் காய்ந்தது. கடைகளுக்குப் பூட்டு; ஊரில் ஆளில்லை. கண்ணாடிச் சாமான்களை அடுப்பில் சுட்டு உலர்த்தி, விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, வியர்வை வழிய அவள் மறுபடி தொடங்கினாள்.

ஒரு சாயங்காலம் பஸ் நிலையத்தில் அவளுக்காக நின்றேன். மெதுவாக இறங்கி வந்தாள்.

“மூணு தடவையும் ஒண்ணு போல வந்திருச்சுங்க” என்றாள்.

அல்வா வாங்கலாமா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையை அசைத்தாள்.

“வீட்டுல யாரும் வந்திருக்காவளா?”

“யாரும் இல்ல.”

“அப்ப வாங்க, போவோம். கொஞ்ச நேரம் ஒக்காந்து அழணும் போல இருக்கு.”

அந்த ஆய்வேட்டுக்குப் பட்டம் வந்தது. பதவி உயர்வும் வந்தது. அதே சிலாக்சேன் சங்கிலி இப்போது சிலிக்கோன் பசை என்ற பெயரில் எந்த ஹார்டுவேர் கடையிலும் குழாயில் கிடைக்கிறது. பிதுக்கினால் காற்றின் ஈரத்திலேயே இறுகிவிடுகிறது. அதைப் பார்க்க அவள் இல்லை. பஸ் நிலையத்திலிருந்து வந்த அன்று, அடுக்களைச் சுவரில் சாய்ந்து அவள் அழுதுமுடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து முகம் கழுவி, உலை வைத்தாள்.